ஃப்ளைட் சிமுலேட்டருக்குக் கணினி வாங்குவது எப்படி? பிராசசரிலிருந்து தொடங்கும் செய்முறை விளக்கம்

கணினி விளையாட்டுகளுக்காகக் கணினி வாங்குவோர் வழக்கமாக முதலில் கிராபிக்ஸ் கார்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மிச்சப் பணத்தில் மற்ற பாகங்களை வாங்குவார்கள். பெரும்பாலான விளையாட்டுகளுக்கு இந்த வரிசை சரியாகவே பொருந்தும். ஆனால் விமானம் ஓட்டும் அனுபவத்தைக் கணினியில் தரும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024 போன்ற ஒன்றுக்கு இதே வரிசையில் போனால், விலையுயர்ந்த கார்டு பாதி வேலையில்லாமல் இருக்க, பெரிய விமான நிலையத்தை நெருங்கும்போதெல்லாம் படம் திக்கித் திணறும். ஆகவே இங்கே வரிசையை மாற்றிச் சொல்கிறேன். இன்னொரு சிமுலேட்டரான எக்ஸ்-பிளேன் 12 வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். இணையம் பற்றிய பகுதியை மட்டும் அவர்கள் விட்டுவிடலாம்.

படி 1: எதை ஓட்டப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

ஒரே கணினியில், செஸ்னா 172 விமானத்தை மலைப்பகுதியின் மேல் ஓட்டும்போது விநாடிக்கு 60 பிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள்) வரலாம். அதே கணினியில் ஏர்பஸ் ஏ320 விமானத்தை லண்டன் ஹீத்ரோவில் இறக்கும்போது அது 25-க்குக் கீழே போகலாம். ஏ320-இன் விமானியறையில் உள்ள ஒவ்வொரு திரையையும், அதற்குப் பின்னால் இயங்கும் வழிகாட்டிக் கணினியையும் சிமுலேட்டர் தொடர்ந்து கணக்கிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்; அதோடு ஓடுபாதையைச் சுற்றியுள்ள மற்ற விமானங்கள், தரைவாகனங்கள், லண்டன் நகரின் முப்பரிமாணக் கட்டடங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. சிறு விமானங்களில் ஊர் சுற்றிப் பார்ப்பதுதான் உங்கள் விருப்பம் என்றால் நடுத்தரக் கணினியே போதும். பயணிகள் விமானங்களை, அதுவும் ஃபெனிக்ஸ், பிஎம்டிஜி போன்ற நிறுவனங்களின் நுணுக்கமான விமானங்களைப் பெரிய நிலையங்களுக்கிடையே ஓட்டுவதுதான் ஆசை என்றால், இனி வரும் ஒவ்வொரு படியிலும் மேல்தட்டைப் பார்க்க வேண்டியிருக்கும்.

மானிட்டரையும் இப்போதே தீர்மானித்துவிடுங்கள். 1920×1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகளும், 2560×1440 திரையில் சுமார் 36.9 லட்சமும், 4கே திரையில் சுமார் 82.9 லட்சமும் உள்ளன. ஒவ்வொரு பிரேமுக்கும் இத்தனை புள்ளிகளை வரைவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. என்னைக் கேட்டால், கருவிகளின் சிறு எழுத்துகளை வாசிக்க 1080 கொஞ்சம் குறைவு, 4கே செலவு அதிகம். 27 அங்குல 1440 திரை பெரும்பாலானோருக்குப் போதுமானது. துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளைப் போல இங்கே 144 பிரேம் தேவையில்லை. சீராக வரும் 35 அல்லது 40 பிரேமே விமானம் ஓட்டுவதற்குப் போதும். அந்தச் சீர்தான் கிடைப்பதற்கு அரிது.

படி 2: அதிகாரப்பூர்வப் பட்டியலை எச்சரிக்கையோடு வாசியுங்கள்

2024 பதிப்புக்கு வெளியிடப்பட்ட பட்டியலில் மூன்று தட்டுகள் உள்ளன. குறைந்தபட்சத் தட்டு 16 ஜிபி ரேமும் 4 ஜிபி கிராபிக்ஸ் நினைவகமும் கேட்கிறது. பரிந்துரைக்கப்படும் தட்டு 32 ஜிபி ரேம், 8 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம், என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 2080 வகைக் கார்டு என்கிறது. உயர்தட்டு 64 ஜிபி ரேம், 12 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம், ஆர்டிஎக்ஸ் 4080, ஏஎம்டியின் ரைசன் 9 7900எக்ஸ் அல்லது இன்டெலின் கோர் ஐ7 14700கே பிராசசர் என்று போகிறது. குறைந்தபட்சம் என்பதை 'திறக்கும்' என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்; மகிழ்ச்சியாக ஓட்டலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. இந்தப் பட்டியலில் இடம்பெறாத ஒன்றுதான் இந்தச் சிமுலேட்டரில் மிகப் பெரிய வேறுபாட்டைத் தருகிறது. அது பிராசசரின் உள்ளேயிருக்கும் கேஷ் நினைவகம்; அடிக்கடி தேவைப்படும் தரவைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் சிறு நினைவகம்.

படி 3: பிராசசரைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும், ஏனெனில் பின்னால் எளிதில் மாற்ற முடியாத முடிவுகள் இங்கேதான் எடுக்கப்படுகின்றன.

விநாடிக்கு 30 பிரேம் வேண்டுமென்றால் ஒவ்வொரு பிரேமுக்கும் கிடைப்பது 33.3 மில்லி விநாடி. 60 பிரேம் என்றால் 16.7 மில்லி விநாடி. அதற்குள் விமானத்தின் இயக்கம், கருவிகள், மற்ற விமானப் போக்குவரத்து, எந்த நிலப்பரப்பைக் காட்டுவது என்ற முடிவு ஆகியவற்றில் பெரும்பகுதியை முதன்மை இழை எனப்படும் ஒரே கணக்கீட்டு வரிசை முடித்தாக வேண்டும். பிராசசரில் உள்ள மற்ற கோர்கள் (கணக்கிடும் அலகுகள்) துணைவேலைகளை வாங்கிக்கொள்ளும். ஆனால் இந்த முதன்மை இழை முடிக்காமல் அடுத்த பிரேம் நகராது. ஒரே ஒரு தலைமைச் சமையல்காரர் ருசி பார்த்த பிறகுதான் ஒவ்வொரு தட்டும் வெளியே போகும் என்ற விதியுள்ள சமையலறையில், காய் நறுக்குவதற்கு இன்னும் பத்துப் பேரைச் சேர்ப்பதால் பந்தி வேகமாக நகராது. அதனால் 16 கோர், 24 கோர் என்ற எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். எட்டுக் கோர் போதும், ஆனால் ஒவ்வொரு கோரும் வேகமாக இருக்க வேண்டும்.

அந்த வேகத்தைத் தடுப்பது பெரும்பாலும் கணக்கிடும் திறன் அல்ல, தரவுக்காகக் காத்திருப்பதுதான். சிமுலேட்டர் ஒவ்வொரு பிரேமுக்கும் சிதறிக் கிடக்கும் ஏராளமான தரவுகளைத் தொட்டுப் பார்க்கிறது. அவை கேஷில் இல்லையென்றால் பிராசசர் ரேம் வரை போய் எடுத்து வர வேண்டும், அது ஒப்பீட்டளவில் மிக நீண்ட பயணம். சாதாரண ரைசன் 7 5700எக்ஸ் பிராசசரில் 32 மெகாபைட் எல்3 கேஷ் இருக்கிறது. ரைசன் 7 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி, 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி ஆகியவற்றில் 96 மெகாபைட். பெயரின் கடைசியில் வரும் அந்த '3டி' என்ற இரண்டு எழுத்துகளுக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். எட்டுக் கோர் கொண்ட 7800எக்ஸ்3டி, உயர்தட்டுப் பட்டியலில் இருக்கும் பன்னிரண்டு கோர் 7900எக்ஸை இந்தச் சிமுலேட்டரில் முந்துவது இதனால்தான்.

ஏற்கெனவே ஏஎம்4 வகை (பழைய ரைசன் பிராசசர்கள் பொருந்தும்) மதர்போர்டு வைத்திருப்பவர்கள், அதன் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிட்டு 5700எக்ஸ்3டி அல்லது 5800எக்ஸ்3டி போடுவதே மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பயன் தரும் மாற்றம். இவை புதிதாகக் கிடைப்பது அரிதாகி வருவதால், பழையதை வாங்கினால் கடையிலேயே கணினியில் பொருத்தி இயக்கிப் பார்த்து வாங்குங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் புதிய ரைசன்கள் பொருந்தும் ஏஎம்5 மதர்போர்டும் 7800எக்ஸ்3டியும் எடுக்கலாம். பணம் இடம் கொடுத்தால் 9800எக்ஸ்3டி. 7950எக்ஸ்3டி போன்ற பெரியவற்றில் இரண்டு சில்லுகள் இருந்தும், கூடுதல் கேஷ் ஒரு சில்லில் மட்டுமே உள்ளது. சிமுலேட்டர் சரியான சில்லில் ஓடுகிறதா என்பதை விண்டோஸ் கவனித்துக்கொள்ள வேண்டியிருக்கும். புதியவர்களுக்கு அந்தத் தலைவலி தேவையில்லை.

இன்டெல் பக்கம் போக விரும்பினால் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 பிராசசர்கள் இந்த வேலைக்கு நல்லவையே. ஆனால் அவற்றில் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நிலையின்மை ஏற்படுவதை இன்டெல் நிறுவனமே 2024-இல் ஒப்புக்கொண்டு, திருத்தங்களை வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. எனவே பயாஸைப் புதுப்பிக்காமல் அவற்றைப் பயன்படுத்தாதீர்கள். பயன்படுத்தப்பட்டதை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 4: கிராபிக்ஸ் கார்டு, அதிலும் அதன் நினைவகம்

பிராசசருக்குப் பணம் ஒதுக்கிய பிறகு மிச்சத்தில் கார்டைத் தேடுங்கள். இங்கே கார்டின் வேகத்துக்குச் சமமாக அதன் நினைவகத்தையும் பார்க்க வேண்டும். நிலப்பரப்பு, கட்டடங்கள், விமானியறை ஆகியவற்றின் படங்கள் எல்லாம் அந்த நினைவகத்தில் அமர வேண்டும். இடம் போதாவிட்டால் அவை ரேமுக்கும் கார்டுக்கும் இடையே ஓடத் தொடங்கும், அப்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்த படம் தரையிறங்கும் நேரத்தில் திடீரென்று ஐந்தாறு பிரேமுக்குச் சரியும். 1080 திரைக்கு 8 ஜிபி சமாளிக்கும்; 1440-க்கு 12 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள்; 4கே அல்லது விஆர் தலைக்கவசம் என்றால் 16 ஜிபி.

ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டு ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகைகளில் வருகிறது. சென்னை ரிட்சி தெருவிலோ உங்கள் ஊர்க் கடையிலோ கொட்டேஷன் வாங்கும்போது, கார்டின் பெயரோடு நினைவக அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். லேப்டாப் வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: மேசைக் கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4070-இல் 12 ஜிபி இருக்கிறது, லேப்டாப்பில் அதே பெயரில் வருவதில் 8 ஜிபிதான், அதற்குக் கிடைக்கும் மின்சாரமும் லேப்டாப் மாடலுக்கு மாடல் வேறுபடும்.

ஆர்டிஎக்ஸ் 40 வரிசையிலிருந்து பிரேம் உருவாக்கம் என்ற வசதி உண்டு. இரண்டு உண்மையான பிரேம்களுக்கு நடுவே கார்டே ஒரு பிரேமை ஊகித்து வரைவதால், முதன்மை இழை திணறும் இடங்களிலும் படம் வழுக்கிக்கொண்டு போவது போலத் தெரியும். பயனுள்ள வசதிதான், ஆனால் அடிப்படையில் 30-க்கும் குறைவாக வரும்போது இதைப் போட்டால் ஸ்டிக்கை அசைப்பதற்கும் விமானம் அசைவதற்கும் இடையில் தாமதம் உணரப்படும். ஆகவே இதை நம்பிப் பிராசசரில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

படி 5: ரேமும் மதர்போர்டும்

32 ஜிபி பெரும்பாலானோருக்குப் போதும். நிறையக் கூடுதல் விமான நிலையங்களை நிறுவி, பக்கத்தில் பிரவுசரும் வரைபடங்களும் திறந்து வைத்திருப்பவர்கள் 64 ஜிபி எடுக்கலாம். எந்த அளவானாலும் இரண்டு குச்சிகளாக வாங்குங்கள். ஒற்றைக் குச்சி போட்டால் தரவு செல்லும் பாதை பாதியாகிவிடும், ஏஎம்5-இல் நான்கு குச்சிகள் போட்டால் வேகத்தைக் குறைத்தே ஓட்ட வேண்டிவரும். டிடிஆர்5 6000 வகை இதற்குப் பொருத்தமானது. ரேமின் மேல் 6000 என்று எழுதியிருந்தாலும், பயாஸில் எக்ஸ்போ என்ற தெரிவை நீங்கள் இயக்கும் வரை அது 4800 அளவிலேயே ஓடக்கூடும். டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பகுதியைத் திறந்தால் உண்மையான வேகம் தெரியும். மதர்போர்டில் அதிகம் செலவிட வேண்டாம். பி650 வகையில் ஒரு நடுத்தரப் போர்டு, போதுமான யூஎஸ்பி துளைகளோடு, இந்த வேலைக்குத் தாராளம்.

படி 6: எஸ்எஸ்டியும் இணைய இணைப்பும்

2020 பதிப்பு 150 ஜிபி இடம் கேட்டது. 2024 பதிப்பு 50 ஜிபி மட்டும் கேட்டுவிட்டு, மீதியை ஓட்டும்போதே இணையத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. எனவே இணையமும் இங்கே ஒரு வன்பொருள் போலவே கணக்கில் வருகிறது. அதிகாரப்பூர்வமாகக் குறைந்தபட்சம் 10, பரிந்துரை 50, உயர்தட்டு 100 எம்பிபிஎஸ். வேகத்தைவிட முக்கியம் அது விட்டு விட்டு வராமல் இருப்பது; வைஃபையைத் தவிர்த்து ரௌட்டரிலிருந்து லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். மாதாந்திரத் தரவு வரம்புள்ள திட்டமா என்பதையும் பாருங்கள், பெருநகரங்களின் மேல் தாழப் பறப்பது தரவை வேகமாகத் தின்னும். 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி போதுமான தொடக்கம். அதில் ஒரு பகுதியை ரோலிங் கேஷுக்கு (இணையத்திலிருந்து வந்த தரவைச் சேமித்து வைக்கும் இடம்) ஒதுக்கினால், ஏற்கெனவே பறந்த இடங்களை மறுபடி இறக்க வேண்டியதில்லை. மிக வேகமான ஐந்தாம் தலைமுறை எஸ்எஸ்டி வாங்குவதால் பிரேம் கூடாது.

படி 7: எஸ்எம்பிஎஸ், குளிர்விப்பு, ஸ்டிக்

ஆர்டிஎக்ஸ் 5070 கார்டுக்கு 650 வாட், 5070 டிஐ கார்டுக்கு 750 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) என்பது என்விடியாவின் பரிந்துரை. பெயர் தெரியாத மலிவு எஸ்எம்பிஎஸ் மட்டும் வேண்டாம். 7800எக்ஸ்3டிக்கு நல்ல டவர் ஏர் கூலரே போதும். மே மாத வெயிலில் ஏசி இல்லாத அறையில் இரண்டு மூன்று மணி நேரம் பறப்பவர்கள், கண்ணாடி முகப்புள்ள கேபினெட்டைத் தவிர்த்து முன்பக்கம் வலை உள்ளதை எடுங்கள். மின்தடை அடிக்கடி வரும் ஊர் என்றால் யுபிஎஸ் அவசியம். ஸ்டிக்கைப் பொறுத்தவரை, சுக்கானைத் தண்டைத் திருகியே இயக்கக்கூடிய லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ அல்லது த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் தொடக்கத்துக்குப் போதும். பெடல்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 8: அளந்து பாருங்கள்

கணினி வந்ததும் அழகான இடத்தில் பறந்து திருப்திப்பட்டுவிடாமல், ஹீத்ரோவில் ஒரு ஏ320-ஐ நிறுத்தி, மேகமூட்டமான வானிலையில் சோதியுங்கள். அமைப்புகளில் டெவலப்பர் மோடை இயக்கினால் மேலே ஒரு பட்டி தோன்றும். அதில் பிரேம் எண்ணிக்கையைக் காட்டும் தெரிவைச் சொடுக்குங்கள். திரை ஓரத்தில் ஒரு சிறு பெட்டி வரும். அதில் முதன்மை இழைக்கும் கார்டுக்கும் தனித்தனியாக மில்லி விநாடிகள் காட்டப்படும், எது தடுக்கிறது என்பதும் எழுதப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, முதன்மை இழை 38, கார்டு 19 என்று இருந்தால், கார்டு தன் வேலையைப் பாதி நேரத்தில் முடித்துவிட்டுக் காத்திருக்கிறது. அப்போது திரைத் தெளிவைக் குறைப்பதால் ஒரு பிரேம்கூடக் கூடாது. நிலப்பரப்பு விவர அளவை 200-லிருந்து 100-க்கு இறக்குங்கள், மற்ற விமானப் போக்குவரத்தையும் விமானியறைத் திரைகள் புதுப்பிக்கப்படும் வேகத்தையும் குறையுங்கள். எண்கள் தலைகீழாக இருந்தால் மேகங்களின் தரத்தை ஒரு தட்டு இறக்குங்கள், அல்லது குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ் வசதியைப் போடுங்கள். அதைப் போட்டால் விமானியறைத் திரைகளில் ஓடும் எண்கள் சற்று வால்விட்டு மங்கலாம் என்பதால், முதலில் அதன் உயர்தர நிலையில் வைத்துப் பாருங்கள்.

ஏற்கெனவே ஒரு கணினி வைத்துக்கொண்டு எதை மாற்றுவது என்று குழம்புகிறவர்கள், கடைக்குப் போவதற்கு முன்பே இந்தப் படியைச் செய்துவிடலாம். பெட்டியில் முதன்மை இழை என்று வந்தால் பிராசசருக்கும், கார்டு என்று வந்தால் கார்டுக்கும் பணத்தை எடுத்து வையுங்கள்.