மணியடிப்போர் சங்கத்தில் முதல் வருஷம்: எப்போது எதற்குப் போக வேண்டும்?

இங்கிலாந்தில் தேவாலய மணி அடிக்கக் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கிறீர்களா? சரி, முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் கோபுரத்தில் வாரம் ஒரு மாலை நடக்கும் பயிற்சி மட்டும் போதாது. ஆளுக்கு ஒரு மணி வீதம் ஆறு மணிகள் அடிக்க வேண்டிய கோபுரத்துக்கு நாலு பேர் வந்தால் எதைத்தான் பழகுவது? அதற்குத்தான் வட்டாரச் சங்கம் இருக்கிறது. "நான் இன்னும் தேறவில்லை" என்று கூச்சப்பட்டு அதன் பயிற்சிக் கூட்டங்களைத் தவிர்ப்பவர்கள்தான் தேறாமலே இருந்துவிடுகிறார்கள்.

குளிர்கால மாதங்களை, மணியைக் கையாளுவதற்கு மட்டும் ஒதுக்குங்கள். வாய் மேலே பார்த்து நிற்கும் மணி ஒவ்வோர் இழுப்புக்கும் முழுவட்டம் சுற்றி மறுபடி மேலே வந்து நிற்கும். கயிற்றில் கம்பளி சுற்றிய 'சாலி'யைப் பிடித்து ஒரு இழுப்பு, நுனியைப் பிடித்து அடுத்தது. பலத்தால் இழுக்காதீர்கள், வேகம் கூடிப்போனால் மேலே மணியைத் தாங்கும் மரத்துண்டு, அதாவது 'ஸ்டே', முறிந்துவிடும். சொல்லிக்கொடுப்பவர் கயிற்றை விடச் சொன்னால் யோசிக்காமல் விட்டுவிடுங்கள்.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போங்கள். மணியடிப்பு, ஆராதனை, தேநீர், அப்புறம்தான் கூட்டம். கணக்கு வழக்கு வாசிக்கும்போது தூக்கம் வரும், பரவாயில்லை. தேநீர் மேசையில்தான் பக்கத்து ஊர் டவர் கேப்டன்கள், அதாவது அந்தந்தக் கோபுரத்தின் மணியடிப்போர் தலைவர்கள், பழக்கமாவார்கள், "எங்கள் கோபுரத்துக்கு ஒரு நாள் வாங்களேன்" என்ற அழைப்பும் அங்கேதான் கிடைக்கும்.

கோடையில் சுற்றுலா, ஒரே நாளில் ஐந்தாறு கோபுரங்கள். ஒவ்வோர் இடத்திலும் கயிற்றின் நீளம் வேறு, மணியின் எடை வேறு. உங்கள் ஊர் மணியில் கற்றதெல்லாம் மறந்துபோன மாதிரி இருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான், லேசான மணியாகக் கேட்டு வாங்குங்கள்.

போட்டி என்றால் பயப்பட வேண்டாம். நடுவர்கள் உங்களைப் பார்ப்பதே இல்லை, வெளியே எங்காவது உட்கார்ந்து காதால் மட்டும் கேட்டுப் பிழைகளைக் குறிப்பார்கள். மணிகளின் வரிசையை மாற்றி மாற்றி அடிக்கும் முறைகளில் எவ்வளவு கடினமானதை அடித்தீர்கள் என்பதைவிட மணிகளுக்கு இடையிலான இடைவெளி சீராக இருந்ததா என்பதுதான் முக்கியம். அதனால், நடத்துபவர் குரல் கொடுக்கும்போது மட்டும் வரிசை மாறும் எளிய 'கால் சேஞ்சஸ்' அடிக்கும் அணியில் தைரியமாகப் பெயர் கொடுங்கள்.

இலையுதிர் காலத்தில் ஒரு குவார்ட்டர் பீல் முயன்று பாருங்கள். எல்லா மணிகளும் ஒருமுறை ஒலிக்கும் வரிசை ஒவ்வொன்றும் ஒரு மாற்றம். 1250 மாற்றங்களுக்குக் குறையாமல், முக்கால் மணி நேரம் நிறுத்தாமல் அடிப்பதுதான் குவார்ட்டர் பீல். ஐந்து மணிகளை வெவ்வேறு வரிசையில் 120 விதமாகத்தான் அடிக்க முடியும், அதனால் அதையே திரும்பத் திரும்ப அடித்து 1260 ஆக்குவார்கள். அந்த ஐந்துக்குப் பின்னால் ஆறாவதாக, ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் மாறாமல் ஒலிக்கும் டெனரை, அதாவது மிகக் கனமான மணியை, அடிப்பது தொடக்கக்காரர்களுக்கு நல்ல இடம். முழு பீல் என்றால் குறைந்தது 5000 மாற்றங்கள், ஏறக்குறைய மூன்று மணி நேரம். முதல் வருஷத்தில் ஆசைப்பட வேண்டாம்.

நவம்பரில் போர் நினைவு ஞாயிறு. மணியின் நாக்கில் ஒரு பக்கம் மட்டும் தோல் உறை கட்டுவார்கள், ஒரு வரிசை தெளிவாகவும் அடுத்தது எங்கோ தூரத்திலிருந்து வருவது போலவும் கேட்கும். உறை கட்ட மேலே ஏறுபவர்களோடு பழைய துணி போட்டுக்கொண்டு போங்கள். புறா எச்சம், கிரீஸ், தூசி எல்லாம் உண்டு. ஆனால் உங்கள் கயிற்றின் மறுமுனையில் என்ன நடக்கிறது என்பது அன்றைக்குத்தான் புரியும்.

சில கோபுரங்களில் டிசம்பர் 31 இரவும் இதே உறைதான். பழைய வருஷத்தை மங்கலாக அடித்து அனுப்பிவிட்டு, உறையைக் கழற்றி, புது வருஷத்தை முழு ஒலியில் வரவேற்பார்கள். கழற்ற உதவிக்குக் கூப்பிட்டால் சந்தோஷமாகப் போங்கள். மணிகள் எல்லாம் வாய் கீழே பார்க்க இறக்கப்பட்டிருக்கின்றனவா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு மட்டும் ஏணியில் கால் வையுங்கள்.