நனைந்த பிறகும் லேசாக இருக்கிறதா? புழுக்கத்துக்கும் மழைக்கும் ஓட்ட ஷூ பார்த்து வாங்கும் முறை

சென்னையில் ஓடுகிறவர்களுக்கு ஷூ நனைய மழையே வேண்டாம். மே மாத விடியற்காலையில் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் ஓடிப் பாருங்கள். காற்றில் அவ்வளவு ஈரம் இருப்பதால் வியர்வை காயாது. கெண்டைக்கால் வழியாக இறங்கி, சாக்ஸில் ஊறி, ஷூவுக்குள் தேங்கும். அக்டோபர் வந்துவிட்டால் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ளும். சென்னைக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெய்கிறது. ஜனவரியில் சென்னை மாரத்தான் ஓட நினைப்பவர்களின் நீண்ட பயிற்சி ஓட்டங்களும் இதே மாதங்களில்தான் வரும்.

அதனால் கடையில் கையில் எடுத்ததும் லேசாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நனைந்த பிறகு எவ்வளவு கனக்கிறது, உள்ளே போன தண்ணீரை எவ்வளவு சீக்கிரம் வெளியே விடுகிறது, இந்த இரண்டும்தான் நம் ஊருக்கு முக்கியம். ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால், அதே வேகத்தில் ஓடச் செலவாகும் ஆற்றல் சுமார் 1 சதவீதம் கூடுகிறது. லேசான ஷூ என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கிவிட்டு, அந்த லாபத்தைத் தண்ணீரிடம் இழக்க வேண்டியதில்லை.

படி 1: கடைக்குப் போகும் நேரம்

மாலையில் போங்கள். நாள் முழுக்க நின்று நடந்த பிறகு பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். வெயிலில் ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடும் சாக்ஸையே எடுத்துப் போங்கள். பருத்தி சாக்ஸ் வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலை உரசும். பாலியெஸ்டர் அல்லது நைலான் கலந்த மெல்லிய சாக்ஸ் போதும்.

படி 2: கடையில் பார்க்க வேண்டியவை

முதலில் ஷூவின் மேல்துணியை விளக்கு வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். முன்பக்க மெஷ் (வலைத்துணி) வழியாக வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் காற்று போகும், தண்ணீரும் வெளியேறும். ஒன்றுமே தெரியாவிட்டால் உள்ளே இன்னொரு அடுக்குத் துணி இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து, தண்ணீரைக் குடிக்கும் இடங்களைத் தேடுங்கள். மேல்துணியைவிட இவைதான் அதிகம் படுத்தும். லேஸுக்குக் கீழே இருக்கும் நாக்கு தடிமனான பஞ்சு வைத்ததா? குதிகாலைச் சுற்றியுள்ள மெத்தை எவ்வளவு பருமன்? உள்ளே பாதத்துக்குக் கீழே விரித்திருக்கும் இன்சோலை வெளியே எடுக்க முடிகிறதா? அமுக்கினால் புசுபுசுவென்று இருக்கும் இன்சோல் நனைந்தால் ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மெல்லிய நாக்கு, மெல்லிய குதிகால் மெத்தை, கழற்றக்கூடிய இன்சோல், முடிந்தால் அதில் சிறு துளைகள்: இவை உள்ள ஷூவைத் தேர்ந்தெடுங்கள்.

மழைக்காலம் என்றதும் பலர் வாட்டர்ப்ரூஃப் ஷூ கேட்கிறார்கள். நம் ஊர் ஓட்டத்துக்கு அது வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கோர்-டெக்ஸ் போன்ற உள்சவ்வு வெளித்தண்ணீரைத் தடுக்கும், உண்மை. ஆனால் கணுக்கால் பக்கம் திறந்துதானே இருக்கிறது? மழைத்தண்ணீரும் வியர்வையும் அந்த வழியாக இறங்கிவிட்டால், அதே சவ்வு அவற்றை வெளியே விடாது. குளிர்நாட்டில் அது பயன்படலாம். 30 டிகிரிப் புழுக்கத்தில் கால் உள்ளேயே வெந்துபோகும்.

அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். எடையைக் குறைப்பதற்காகச் சில ஷூக்களில் ரப்பரே இல்லாமல் வெறும் ஃபோமை விட்டிருப்பார்கள். ஈரத் தரையில் பொதுவாக ரப்பர்தான் நன்றாகப் பிடிக்கும். பெருவிரலுக்குக் கீழேயும் குதிகாலின் வெளிப்பக்கத்திலுமாவது ரப்பர் இருக்கட்டும்.

பிறகு அளவு. நின்றபடி பார்த்தால் நீளமான விரலுக்கும் ஷூ முனைக்கும் இடையில் கட்டைவிரல் அகலம் இடைவெளி வேண்டும். சுண்டுவிரல் பக்கம் அழுத்தினால் அகலமான மாடலைக் கேளுங்கள். போகப் போக விரியும் என்று கடைக்காரர் சொன்னாலும் ஏற்காதீர்கள். இரண்டு காலிலும் போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே மெதுவாக ஓடிப் பாருங்கள். குதிகால் கழன்று கழன்று வந்தால், மேலே இருக்கும் கூடுதல் துளையில் லேஸை அதே பக்கமாக நுழைத்து ஒரு சிறு வளையம் விடுங்கள். எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் விட்டு இழுத்துக் கட்டுங்கள். அப்படியும் வழுக்கினால் அந்த ஷூ உங்களுக்கில்லை. நனைந்தால் இன்னும் வழுக்கும்.

இணையத்தில் போட்டிருக்கும் எடை ஏதோ ஓர் அளவுக்கானது. உங்கள் பாதம் பெரிதென்றால் எடையும் கூடும்.

படி 3: வீட்டில் தண்ணீர்ச் சோதனை

நனைத்துவிட்டால் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள். ஆகவே முதலில் வீட்டுக்குள் சுத்தமான தரையில் போட்டு நடந்து, எங்கும் உறுத்தவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் சமையலறை டிஜிட்டல் தராசில் ஒரு பாலிதீன் உறையை விரித்து, ஒரு ஷூவை வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். வாளித் தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். கவிழ்த்து வடித்துவிட்டு மறுபடி எடை பாருங்கள். பிறகு இரண்டு ஷூவையும் நனைத்து, போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் பத்து நிமிடம் மெதுவாக ஓடிவிட்டு, முதலில் பார்த்த அதே ஷூவை மூன்றாவது முறையாக எடை பாருங்கள்.

மூன்றாவது எடைதான் உண்மையைச் சொல்லும். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் கால் அழுத்தி, தண்ணீரை மெஷ் வழியாக வெளியே தள்ள வேண்டும். நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: 220 கிராம் ஷூ ஓடிய பிறகும் 275 கிராமைத் தாண்டி நின்றால், அதாவது கால் பங்குக்கு மேல் கூடியிருந்தால், அது மழைக்கான ஷூ இல்லை. உலர்ந்த நாளின் குறுகிய ஓட்டங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். இன்சோலைக் கழற்றி அதை மட்டும் தனியாக எடை பாருங்கள். தண்ணீர் முழுக்க அதில்தான் தங்குகிறது என்றால், துளையுள்ள மெல்லிய இன்சோல் மாற்றினாலே ஷூ தேறிவிடும்.

படி 4: முதல் ஈர ஓட்டம்

மழை விட்ட பிறகு, பழகிய பாதையில், 2 கிலோமீட்டர் போதும். வெள்ளைக் கோடுகள், வேகத்தடை மேல் அடித்த பெயிண்ட், பளபளப்பான நடைபாதை ஓடுகள், சாக்கடையின் இரும்பு மூடிகள் ஆகியவைதான் வழுக்கும் இடங்கள். அந்த இடங்களில் நடந்து, ஷூ எப்படிப் பிடிக்கிறது என்று பாருங்கள்.

தேங்கிய தண்ணீரில் இறங்காதீர்கள். அடியில் மூடியில்லாத குழி இருக்கலாம், மின்கம்பி அறுந்து கிடக்கலாம். காலில் கீறலோ உடைந்த கொப்புளமோ இருந்தால், எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியாக எலிக்காய்ச்சல் வரவும் வாய்ப்புண்டு.

லேசான ஷூக்களில் சிலவற்றுக்குக் குதிகால் உயரம் குறைவு. கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் கூடுதலாக வேலை செய்ய வேண்டியிருக்கும். புதிதாக ஓடுகிறவர்கள் முதல் சில வாரங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் மட்டும் இதைப் போட்டு, மற்ற நாள்களில் பழைய ஷூவிலேயே ஓடுங்கள்.

படி 5: பாதத்தைப் பாருங்கள்

வீட்டுக்கு வந்ததும் சாக்ஸைக் கழற்றி, சிவந்த இடம் எங்கே என்று தேடுங்கள். உலர்ந்த ஓட்டத்தில் தெரியாத உரசல் ஈரத்தில்தான் தெரியும். ஒரே இடத்தில் மறுபடி மறுபடி சிவந்தால் அங்கே வாசலின் தடவி ஓடிப் பாருங்கள். அப்படியும் கொப்புளம் வந்தால் ஷூவின் வடிவமே உங்கள் காலுக்குச் சேரவில்லை. விரல் இடுக்குகளைத் துடைத்து உலர வையுங்கள். சேற்றுப்புண் தொடங்குவது அங்கேதான்.

படி 6: காயவைப்பது

இன்சோலைக் கழற்றி, லேஸைத் தளர்த்தி, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். வியர்வை உப்பு காய்ந்தால் மெஷ் விறைத்து நாற்றமும் வரும். பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, ஒரு மணி நேரம் கழித்து மாற்றி, மின்விசிறிக்குக் கீழே சாய்த்து வையுங்கள். மத்தியான வெயிலில் மொட்டை மாடியில் போட்டால் பசை விட்டுப்போகும்.

மறுநாள் காலை முன்பக்கம் வரை கையை விட்டுத் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்றைக்கு வேறு ஜோடி. பருவமழை மாதங்களில் தொடர்ந்து ஓடுகிறவர்களுக்கு, விலை உயர்ந்த ஒரே ஜோடியைவிட நடுத்தர விலையில் இரண்டு ஜோடிகளே நல்லது.