‘ஹவுண்ட் டாக்’ பாட்டோட வம்சாவளியை நீங்களே கேட்டுக் கண்டுபிடிக்கிறது எப்படி

‘ஹவுண்ட் டாக்’னு (அதாவது வேட்டை நாய்னு) சொன்ன உடனே எல்விஸ் பிரெஸ்லி ஞாபகம் வர்றது சகஜம்தான். அது ஒரு கவர் வெர்ஷன், அதாவது வேற ஒருத்தர் பாடினதைத் திரும்பப் பாடினதுன்னு கொஞ்ச பேருக்குத் தெரியும், ஒரிஜினல் பிக் மாமா தார்ன்டன்ங்கற ப்ளூஸ் பாடகி பாடினதுன்னும் சொல்லுவாங்க. ஆனா ரெண்டையும் அடுத்தடுத்து கேட்டா ஒரு விஷயம் இடிக்கும், வரிகள்ல பாதிக்கு மேல ஒத்துப் போகாது, வேகம் வேற, கதையே வேற. ஏன்னா நடுவுல இன்னொரு வெர்ஷன் இருக்கு, எல்விஸ் அதைக் கேட்டுத்தான் பாடினார். அதனால எந்தப் பழைய பாட்டோட கவர் வெர்ஷன்களைத் தேடினாலும் சரி, "எது ஒரிஜினல், எது காப்பி"ன்னு சண்டை போடுறதுக்கு முன்னாடி "இவங்க யாரு பாடினதைக் கேட்டுட்டு பாடுறாங்க"ன்னு கேளுங்க. அந்த ஒரு கேள்வியை வச்சுக்கிட்டு இந்தப் பாட்டை எப்படி கேக்கறதுன்னு சொல்றேன். ஒரு சாயங்காலம் போதும், ஹெட்ஃபோன் இருந்தா நல்லது, ஃபோன் ஸ்பீக்கர்ல கேட்டா பேஸும் கைதட்டலும் சுத்தமா காணாம போயிடும்.

முதல்ல பிளேலிஸ்ட் போடணும், இங்கதான் நிறைய பேர் சொதப்புறாங்க. ஸ்ட்ரீமிங் ஆப்ல பாட்டுக்குக் கீழ போட்டிருக்கிற வருஷத்தை நம்பவே நம்பாதீங்க. அது பெரும்பாலும் அந்தத் தொகுப்பு ஆல்பமோ ரீமாஸ்டரோ வெளிவந்த வருஷம், பாட்டு ரெக்கார்ட் ஆன வருஷம் இல்ல. அதோட தார்ன்டன் இந்தப் பாட்டைத் தன் வாழ்நாள்ல பல தடவை ரெக்கார்ட் பண்ணியிருக்காங்க, தேடினா எது முதல்ல வருதுன்னு சொல்ல முடியாது. நமக்கு வேண்டியது 1952 ஆகஸ்ட் 13 லாஸ் ஏஞ்சலஸ்ல ரெக்கார்ட் ஆகி 1953ல பீகாக் கம்பெனி வெளியிட்டது. கண்டுபிடிக்க சுலபமான வழி, கடைசி வரைக்கும் ஓட விடுங்க, முடியுற இடத்துல பேண்ட்ல இருக்கறவங்க எல்லாம் நாய் மாதிரி குரைச்சு ஊளையிடுவாங்க, அது இருந்தா அதுதான்.

சரி, தார்ன்டனை முதல் தடவை சும்மா கேளுங்க. ரெண்டாவது தடவை அவங்க யாரைப் பாத்துப் பாடுறாங்கன்னு கவனிங்க. அங்க நாயே கிடையாது. பொம்பளைங்க காசுல சாப்பிட்டுக்கிட்டு வீடு வீடா மோப்பம் பிடிச்சு அலையற ஒரு ஆம்பளையை, இனிமே உனக்கு இங்க சோறு கிடையாது, வாலை ஆட்டிக்கிட்டு வராதேன்னு வாசல்லயே நிறுத்தி விரட்டுறாங்க. நம்ம ஊர்ல எந்தத் தெருவுல பாடினாலும் அர்த்தம் புரியும். மூணாவது தடவை கிடாரை மட்டும் பின்தொடருங்க, பீட் லூயிஸ் வாசிக்கிறார், தார்ன்டன் பாட்டுக்கு நடுவுல அவரை உசுப்பேத்தி விட்டுக்கிட்டே இருப்பாங்க, கிடாரும் நாய் மாதிரி இழுத்து முனகும். அந்த ட்ரம்ஸ் வாசிச்சது ஜானி ஓட்டிஸ், பேண்ட் லீடரே அவர்தான், ரிகர்சல்ல அவர் வாசிச்சப்ப வந்த அந்த ஃபீல் வரணும்னு அவரையே உக்கார வச்சாங்க.

எழுதினவங்க ஜெர்ரி லீபரும் மைக் ஸ்டோலரும், ரெண்டு பேருக்கும் அப்ப 19 வயசு. ஓட்டிஸ் வீட்ல தார்ன்டன் பாடுறதைப் பாத்துட்டு மிரண்டு போய், திரும்பற வழியில கார்லயே ஆரம்பிச்சு கால் மணி நேரத்துக்குள்ள எழுதி முடிச்சதா அவங்களே சொல்லியிருக்காங்க. தார்ன்டன் முதல்ல அதை மெதுவா இழைச்சுப் பாட, லீபர் இப்படி இல்ல, உறுமணும்னு சொல்ல, எனக்கே பாடச் சொல்லித் தர்றியான்னு அவங்க எகிற, கடைசில லீபரே பாடிக் காட்ட வேண்டியதாச்சு. தார்ன்டன் தரப்பு வேற, நடுவுல வர்ற பேச்சும் கூச்சலும் என் சொந்தச் சரக்குன்னு பின்னாடி சொன்னாங்க. என் காதுக்கு அவங்க சொல்றது நியாயமாத்தான் படுது, ஏன்னா அந்த ரெக்கார்டுல பாதி உயிர் எழுதி வச்ச வரிகளுக்கு வெளியிலதான் இருக்கு. 1953ல ரிதம் அண்ட் ப்ளூஸ் லிஸ்ட்ல 7 வாரம் முதலிடம். அவங்க கைக்கு வந்தது ஒரே ஒரு 500 டாலர் செக்னு சொல்லியிருக்காங்க.

அடுத்து எசப்பாட்டு. தார்ன்டன் ரெக்கார்ட் வந்து சில வாரத்துலயே மெம்ஃபிஸ்ல சன் கம்பெனி வச்சிருந்த சாம் ஃபிலிப்ஸ், ரூஃபஸ் தாமஸை வச்சு ‘பேர் கேட்’னு (Bear Cat) ஒரு பதில் பாட்டு போட்டார். மெட்டு அப்படியே அது, ஆம்பளை திருப்பித் திட்டுறான், லேபிள்லயே ‘ஹவுண்ட் டாக்’குக்குப் பதில்னு அச்சடிச்சு வேற வச்சாங்க. சன் கம்பெனிக்குக் கிடைச்ச முதல் ஹிட் இதுதான், பீகாக் முதலாளி டான் ரோபி கேஸ் போட்டு ஜெயிச்சதும் இதுலதான். இதைக் கேக்கும்போது தார்ன்டன் ரெக்கார்டைப் பக்கத்துலயே வச்சுக்கோங்க, முதல் 30 செகண்டை மாத்தி மாத்தி போட்டுப் பாருங்க, இவங்க யாரைக் கேட்டுட்டு பாடுறாங்கன்னு யோசிக்கவே வேண்டாம். அதே வருஷம் ராய் பிரவுன் வேற ஒரு பதில் பாட்டு விட்டார், கன்ட்ரி பாடகர்கள் சில பேரும் கவர் பண்ணினாங்க. அதையெல்லாம் நேரம் இருந்தா கேளுங்க, இல்லேன்னா நஷ்டம் இல்ல.

இப்ப யாரும் தேடாத அந்த நடு வெர்ஷன். ஃப்ரெடி பெல் அண்ட் த பெல்பாய்ஸ், 1955, பிலடெல்பியாவுல ‘டீன்’னு (Teen) ஒரு சின்னக் கம்பெனி ரெக்கார்ட். இவங்க லாஸ் வேகாஸ்ல ஹோட்டல் லவுஞ்ச்ல காமெடியும் பாட்டுமா கலந்து கட்டி அடிச்ச குரூப். எல்லாத் தரப்பு ஆளுங்களும் கேக்கற மாதிரி ரெக்கார்ட் போடணும்னா, பொம்பளை காசுல வாழறவனைப் பத்தின பாட்டைப் பாட முடியுமா? வரியை மாத்திட்டாங்க. மோப்பம் பிடிச்சு அலையறவன் எந்நேரமும் அழுதுக்கிட்டே இருக்கிற நாயாயிட்டான், கூடவே நீ ஒரு முயலைக்கூட பிடிச்சதில்லைன்னு ஒரு வரி வந்து ஒட்டிக்கிச்சு. அவ்ளோதான், ஆம்பளை காணாம போய் நிஜ நாய் வந்துடுச்சு. இந்த முயல் வரிதான் உங்களுக்கு அடையாளம். எந்தக் கவர் வெர்ஷன் போட்டாலும் முயல் வருதான்னு பாருங்க, வந்தா அந்தக் குடும்பம் பெல் வழியா வந்தது, வரலேன்னா தார்ன்டன் வழி. லீபருக்கு அந்த முயல் வரி கடைசி வரைக்கும் பிடிக்கல, அர்த்தமே இல்லாத வரின்னு சொல்லிக்கிட்டே இருந்தார்.

1956 ஏப்ரல்–மே மாசத்துல எல்விஸ் வேகாஸ்ல நியூ ஃபிரான்டியர் ஹோட்டல்ல ரெண்டு வாரம் பாடப் போனார், அங்க நடுத்தர வயசுக் கூட்டத்துகிட்ட பெருசா எடுபடல, ஆனா பெல் குரூப்பைப் பாத்துட்டு அந்தப் பாட்டைத் தூக்கிக்கிட்டு வந்துட்டார். தார்ன்டன் ரெக்கார்டும் அவருக்குத் தெரியாம இருந்திருக்காது, மெம்ஃபிஸ்ல வளர்ந்த பையன், ஆனா அவர் பாடின வரிகள் பெல்லோடது, முயல் இருக்கு. ஜூன் 5 மில்டன் பெர்ல் டிவி ஷோ, அந்த வீடியோ இன்னமும் கிடைக்கும், கண்டிப்பா பாருங்க. கிடாரைக் கையில எடுக்காம பாடறார், முடியப் போகுதுன்னு நினைக்கும்போது வேகத்தைப் பாதியாக்கி இடுப்பை ஆட்டி ஆட்டி இழுக்கறார், மறுநாள் பத்திரிகைங்க கிழி கிழின்னு கிழிச்சுது. அதனால ஜூலை 1 ஸ்டீவ் ஆலன் ஷோவுல கோட் சூட் மாட்டிவிட்டு, தொப்பி போட்ட ஒரு பேசட் நாய்கிட்ட பாடச் சொன்னாங்க. நல்ல கடுப்புல இருந்திருப்பார், மறுநாளே நியூயார்க்ல ஆர்சிஏ ஸ்டுடியோவுல உக்காந்து 31 டேக் எடுத்து ரெக்கார்டை முடிச்சார்.

அந்த ரெக்கார்டைக் கேக்கும்போது ஒவ்வொரு சுத்து (ஒரு சரணம் மாதிரி) முடியுற இடத்துலயும் டி.ஜே. ஃபான்டானாவோட ஸ்நேர் ட்ரம் படபடன்னு பொரியறதைக் கவனிங்க, தார்ன்டன்கிட்ட அது இல்லவே இல்ல. ஸ்காட்டி மூரோட கிடார் கொஞ்சம் முரட்டுத்தனமா, வேணும்னே அழுக்கா இருக்கும், அதுக்குப் பின்னாடி ஜார்டனேர்ஸ் கோஷ்டி ஆ...ன்னு ஊத, விடாம கைதட்டல். சிரிப்பே கிடையாது இதுல, பெல் கோஷ்டி கிச்சுகிச்சு மூட்டின அதே வரிகளை இவர் கோவமா பாடறார், அதுதான் எல்விஸ் பண்ணின வேலை. சும்மா காப்பி அடிச்சார்னு சொல்றவங்க இந்த இடத்தைக் காது கொடுத்துக் கேக்கலைன்னுதான் சொல்லுவேன். ‘டோன்ட் பி க்ரூயல்’ மறுபக்கத்துல, ரெண்டும் சேர்ந்து 11 வாரம் அமெரிக்க பாப் லிஸ்ட்ல முதலிடம், அந்தச் சாதனை 1992 வரைக்கும் உடையல. இதுக்கு நடுவுல ஸ்டோலர் வந்த ஆண்ட்ரியா டோரியா கப்பல் ஜூலை 25 ராத்திரி இன்னொரு கப்பலோட மோதி மூழ்கிப் போக, உயிர் பிழைச்சு நியூயார்க் கரைக்கு வந்தவர்கிட்ட லீபர் ஓடி வந்து சொன்ன சேதி, எல்விஸ் பிரெஸ்லின்னு ஒரு பையன் நம்ம பாட்டை ஹிட் ஆக்கிட்டான்!

பாட்டோட கட்டமைப்பு புரியணும்னா எல்விஸ் வெர்ஷன்லதான் எண்ணிப் பழகணும், அதுல சுலபம். ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு தட்டினா ஒரு பார், இப்படி 12 பார் ஆனா ஒரு சுத்து. முதல் 4 பார்ல ஒரு வரி, அடுத்த 4ல கிட்டத்தட்ட அதே வரி திரும்ப, கடைசி 4ல முத்தாய்ப்பு. இதுதான் 12 பார் ப்ளூஸ், அந்தக் கால ராக் அண்ட் ரோல்ல பாதிக்குப் பாதி இந்தச் சட்டத்துலதான் நிக்குது. எண்ணிப் பழகினதுக்கு அப்புறம் தார்ன்டனுக்குத் திரும்பிப் போங்க, குரல் தாளத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் எப்படி விளையாடுதுன்னு அப்பதான் தெரியும்.

இன்னொரு வேலை, லேபிள் போட்டோவைத் தேடிப் பாருங்க. டிஸ்காக்ஸ், 45கேட் மாதிரி சைட்ல பாட்டுப் பேரும் பாடகர் பேரும் போட்டா லேபிள் படமே வரும், பீகாக் 1612, ஆர்சிஏ 47-6604னு நம்பரும் சேர்த்துப் போட்டா வேற எதுவும் குறுக்க வராது. கவர் வெர்ஷன் பட்டியலுக்கு செகண்ட்ஹேண்ட்சாங்ஸ்ங்கற சைட் நல்லா இருக்கும். லேபிள்ல பாட்டுப் பேருக்குக் கீழ பொடி எழுத்துல இருக்கிற பேர்களைத்தான் பாக்கணும், காசு அங்கதான் போகும். இந்தப் பாட்டுல ஜானி ஓட்டிஸும் தான் சேர்ந்து எழுதினதா உரிமை கேட்டார், லீபரும் ஸ்டோலரும் மைனரா இருந்தப்ப போட்ட கையெழுத்து செல்லுமா செல்லாதான்னு ஏகப்பட்ட இழுபறி, 1957ல நியூயார்க் கோர்ட் ஓட்டிஸுக்கு எதிரா தீர்ப்பு சொல்லிடுச்சு.

எல்விஸுக்கு அப்புறம் கவர் பண்ணினவங்க கணக்கே இல்ல, எல்லாத்தையும் கேக்க உக்காந்தா பாட்டே வெறுத்துடும், பொறுக்கி எடுங்க. 1967ல ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பிபிசி ரேடியோவுக்கு வாசிச்சது கேக்கலாம், ஜாலியா குரைச்சுக்கிட்டு பண்ணியிருப்பாங்க. ஜான் லெனன் 1972 ஆகஸ்ட் 30 மேடிசன் ஸ்கொயர் கார்டன் கச்சேரில பாடினது ‘லைவ் இன் நியூயார்க் சிட்டி’ ஆல்பத்துல இருக்கு. எட்டா ஜேம்ஸ் 2000த்துல பாடினதையும் சேத்துக்கோங்க. ஒவ்வொண்ணுக்கும் அந்த முயல் சோதனையை நீங்களே பண்ணிப் பாருங்க, நான் விடையைச் சொல்லல. ஆனா ஒண்ணே ஒண்ணு கேக்க நேரம்னா இவங்க யாரும் வேண்டாம், 1965ல தார்ன்டனே ஐரோப்பாவுக்குப் போனப்ப பட்டி கை (Buddy Guy)ங்கற ப்ளூஸ்காரர் கிடார் வாசிக்க திரும்பப் பாடினாங்களே, அதைக் கேளுங்க. உலகமே அதை எல்விஸ் பாட்டுன்னு நினைச்சுக்கிட்டிருந்த நேரம், அந்த அம்மா அசராம தன்னோட வரிகளையே பாடறாங்க.

2022ல டோஜா கேட் போட்ட ‘வேகாஸ்’ பாட்டுக்குள்ள தார்ன்டனோட ‘ஹவுண்ட் டாக்’ வரிகள் ஓடுது, குரல் மட்டும் தார்ன்டனோடது இல்ல, ‘எல்விஸ்’ படத்துல தார்ன்டனா நடிச்ச ஷோன்கா டுகூரேயோடது, அந்தப் படத்துக்காகப் பண்ணின பாட்டு, அதையும் பிளேலிஸ்ட் கடைசில போட்டுக்கோங்க. இந்த முறை பிடிச்சுப் போச்சுன்னா அடுத்து தார்ன்டன் தானே எழுதின ‘பால் அண்ட் செயின்’ எடுங்க. அங்க நடு ஆளே கிடையாது, ஜானிஸ் ஜோப்ளின்ங்கற ராக் பாடகி நேரா தார்ன்டன் பாடினதைக் கேட்டு, அனுமதியும் வாங்கிட்டுப் பாடினாங்க. ஜோப்ளின் 1967 மான்டரே இசை விழாவுல பாடின வீடியோவுல ஆரம்பிங்க, அப்புறம் தார்ன்டனோட ரெக்கார்டை வையுங்க, ரெண்டுலயும் வேகத்தையும் ஸ்கேலையும் மட்டும் முதல்ல ஒப்பிட்டுப் பாருங்க.