சுருதி விலகினால் தொண்டையைத் திட்டாதீர்கள்

பாட்டில் சுருதி சேரவில்லை என்றதும் மிளகு, பனங்கற்கண்டு, வெந்நீர் என்று வைத்தியம் தொடங்கிவிடுகிறது. தொண்டை கட்டியிருந்தால் சரி. பெரும்பாலும் கோளாறு வேறு இடத்தில் இருக்கும்.

ஓர் ஆண் ஒரு கட்டைச் சுருதியில் (கீபோர்டின் C) சட்ஜம், அதாவது ‘ஸ’, பிடிக்கும்போது குரல்நாண்கள் நொடிக்கு ஏறக்குறைய 131 முறை அதிர்கின்றன. குரல்வளையில் உள்ள ஒரு சிறு தசை அவற்றை இழுத்து நீட்டினால் சுருதி ஏறும். மூச்சின் அழுத்தம் கூடினாலும் கொஞ்சம் ஏறும், குறைந்தால் இறங்கும். நினைத்த இடத்தில் நிற்கிறோமா என்று பார்த்துத் திருத்துவது காது. அந்தக் காதுக்கு வேலை கொடுக்காமல் பாடுவதுதான் முதல் தவறு.

நவராத்திரிக் கொலுவுக்குச் சிங்கப்பூரின் ஈசூனிலோ செங்காங்கிலோ ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். கூடம் நிறையப் பேச்சு, தலைக்கு மேல் மின்விசிறி, கைப்பேசியில் ஓடும் தம்புரா செயலியோ கைப்பைக்குள். தன் குரலே கேட்காததால் பாடுபவர் சத்தத்தைக் கூட்டுவார். சத்தத்தோடு மூச்சழுத்தமும் கூட, சுருதி மெல்ல மேலே நழுவும். தம்புராவை ஒரு சின்ன ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குரலைக் குறைத்துப் பாடினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அடுத்தது இரவல் கட்டை. பெண்களில் பலர் ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும், ஆண்கள் பலர் ஒரு கட்டையை ஒட்டியும் பாடுவார்கள். சமூக மன்றத்துக் கரோக்கேயில் மட்டும் ‘ஒரிஜினல் சுருதிதான் வேணும்’ என்று அடம்பிடிப்போம். எட்டாத தாரஸ்தாயியை, அதாவது மேல்ஸ்தாயியை, எட்டிப் பிடிக்க முகவாய் தூக்கிக்கொள்ளும், தொண்டை இறுகும், சுரம் ஒரு மயிரிழை கீழேயே நின்றுவிடும். சுருதியை மாற்ற ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்துவதில் என்ன கௌரவக் குறைச்சல்?

கர்நாடக இசை பழகுபவர்கள் எல்லாச் சுரத்தையும் கீபோர்டோடு சேர்த்தே பாடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. வாசிப்பை நிறுத்தியதும் குரல் தடுமாறும். தவிர, தம்புராவோடு இயல்பாக இழையும் அந்தர காந்தாரத்தைவிட (மேல் ‘க’)க் கீபோர்டின் காந்தாரம் ஏறக்குறைய அரைச் சுரத்தில் ஏழில் ஒரு பங்கு உயரம். கீபோர்டில் சட்ஜத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, மற்றதைத் தம்புராவில் தேடுங்கள். சுருதி காட்டும் செயலியின் முள்ளை நம்பித் தோடி ராகம் பாடுவது இன்னும் மோசம். தோடியின் காந்தாரம் அசைந்துகொண்டே இருக்கும் சுரம், முள்ளும் கூடவே ஆடும். அதைப் பார்த்துப் பயந்து அந்த அசைவை, அதாவது கமகத்தை, நிறுத்தினால் ராகமே போய்விடும்.

வரியின் கடைசிச் சுரம் தொய்கிறதா? மூச்சு தீர்ந்துபோய்ப் பாடியிருப்பீர்கள். ஓர் இடம் முன்னதாகவே மூச்சு எடுங்கள்.

அப்புறம், புளூடூத் ஹெட்போனில் தன் குரலையே கேட்டுக்கொண்டு பாட வேண்டாம். குரல் சற்றுத் தாமதமாகத் திரும்பி வருவதால் காது குழம்பும். வயர் வைத்த பழைய ஹெட்போன் போதும்.