அரித்தா பீங்கானுக்கு ஷோரூம்: சுவர், விளக்கு, தட்டு

ஜப்பானின் கியூஷூ தீவில், சாகா மாநிலத்தில் உள்ள ஊர் அரித்தா. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குள்ள இசுமியாமாவில் பீங்கான் கல் கிடைத்தது. அன்று தொடங்கிய தொழில் இன்றும் நடக்கிறது. அந்தக் கைவேலைக்கு ஏற்ற காட்சியறை என்றதும் பலர் நீலப் பூவேலை வால்பேப்பரைத் தேடுகிறார்கள். அது வேண்டாம். பாத்திரத்தின் வெள்ளை வெள்ளையாகத் தெரிய வேண்டும். அறையில் மற்றதெல்லாம் அதற்காகத்தான். கீழே உள்ள அளவுகள் 6 × 4 மீட்டர் தரையும் 2.7 மீட்டர் உயரமும் உள்ள அறைக்கு.

படி 1: எந்த வகை?

வெள்ளையின் மேல் கோபால்ட் நீலம் தீட்டியது சொமெத்சுகே; அதன் வெள்ளையில் நீலச்சாயை உண்டு. காக்கியெமோன் வகையின் பால் வெள்ளைக்கு நிகோஷிதே என்று பெயர். அதில் ஓவியம் குறைவு, வெற்றிடம் அதிகம். இமாரித் துறைமுகம் வழியாக டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனவற்றில் சிவப்பும் தங்கமும் நிறைந்த வகையும் உண்டு. ஒரு சுவருக்கு ஒரு வகைதான். கலந்து வைத்தால் நிகோஷிதே மஞ்சளாகவும் சொமெத்சுகே சாம்பலாகவும் தெரியும்.

படி 2: சுவர்

தூய வெள்ளை பெயிண்ட் அடிக்காதீர்கள். அதன் முன்னால் பீங்கான் அழுக்காகத் தெரியும். மண் நிறம் கலந்த வெளிர் சாம்பல், பளபளப்பு இல்லாத மேட் பூச்சு போதும். மண்பூச்சுச் சுவர் கிடைத்தால் அதுவே சிறப்பு.

படி 3: விளக்கு (இங்கேதான் பெரும்பாலும் கெடும்)

பீங்கானின் மேல்பூச்சு கண்ணாடிபோல ஒளியைத் திருப்பி அடிக்கும். கூரையிலிருந்து குறுகிய ஸ்பாட்லைட் போட்டால், கிண்ணத்தின் வளைவில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்து ஓவியத்தை மறைக்கும். வாட்டைக் குறைத்தாலும் புள்ளி போகாது. ஒளி வரும் பரப்பு சிறியதாக இருப்பதுதான் காரணம்.

எனவே பால்நிற மூடி போட்ட எல்.இ.டி. பட்டையை ஒவ்வொரு அலமாரித் தட்டின் அடியிலும் முன்விளிம்பில், பின்சுவரைப் பார்த்தபடி பொருத்துங்கள். 40 மி.மீ. இறங்கும் மரச்சட்டம் அதை மறைக்கும். பின்விளிம்பில் பொருத்தினால் பாத்திரம் கருநிழலாகிவிடும். சொமெத்சுகேக்கு 4000 கெல்வின் (ஒளியின் நிற அளவு; எண் குறைந்தால் ஒளி மஞ்சளாகும்). 2700-ல் அந்த நீலம் செத்துவிடும். தங்கவேலைக்கு மட்டும் 3000 கெல்வின், தனி சுவிட்சில். நிறங்களை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் அளவான சி.ஆர்.ஐ. 90-க்கு மேல் இருக்க வேண்டும். காக்கியெமோன் சிவப்பு இரும்பு ஆக்சைடு நிறம் என்பதால் ஆழ்ந்த சிவப்புக்கான ஆர்9 மதிப்பையும் கேட்டு வாங்குங்கள். 50-க்குக் கீழே என்றால் சிவப்பு பழுப்பாகத் தெரியும்.

சுவரில் மாட்டும் பெரிய பீங்கான் தட்டுக்கு மட்டும் கூரை ஸ்பாட்லைட் சரி. தட்டின் மையம் 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால், விளக்கு சுவரிலிருந்து 70 செ.மீ. தள்ளி இருக்கட்டும். அப்போது செங்குத்திலிருந்து சுமார் 30 பாகை சாய்வு கிடைக்கும். பிரதிபலிப்பு கண்ணுக்கு வராமல் கீழே போகும்.

படி 4: அலமாரித் தட்டுகள்

ஆழம் 350 மி.மீ., வார்னிஷ் இல்லாத சுகி (ஜப்பானிய சிடார்) மரம். ஒரு மீட்டருக்கு மூன்று பாத்திரங்களுக்கு மேல் வைக்காதீர்கள். நபெஷிமா பிரபுக்களின் சூளையில் உருவான நபெஷிமா வகைப் பீங்கான் தட்டுகளுக்கு உயர்ந்த அடிவளையமும் அதில் சீப்புப்பல் கோடுகளும் உண்டு. மேசை உயரத்தில் வைத்தால் அவை கண்ணில் படாது, 1.4 மீட்டரில் வையுங்கள்.

படி 5: தொன்பாய் சுவர்

அரித்தாவின் சந்துகளில், இடித்த சூளைகளின் செங்கல்லைச் செம்மண்ணில் பதித்துக் கட்டிய தொன்பாய் மதில்கள் இருக்கின்றன. விறகுச் சாம்பல் உருகிப் படிந்து கண்ணாடியான முகம் அந்தக் கல்லின் அழகு. உள்ளே ஒரு சுவருக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். முழுக்கல்லில் 100 மி.மீ. கனச் சுவர் சதுர மீட்டருக்குச் சுமார் 190 கிலோ வரும், மரத்தரை தாங்காது. கல்லின் முகத்தை 25 மி.மீ. கனத்துக்கு அறுத்து ஒட்டினால் சுமை கால்பங்காகும். இணைப்புக்கு மட்டும் சீலர் பூசுங்கள், முகத்துக்கு வேண்டாம்.

மேலும் இரண்டு குறிப்புகள்:

கையால் செய்த பீங்கான் ஓடு பதிப்பவர்கள் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி விடுங்கள். சூளையில் களிமண் சுருங்குவதால் இரண்டு ஓடுகள் ஒரே அளவாக வராது. பீங்கான் தண்ணீரை உறிஞ்சாது. வெறும் சிமெண்ட் கலவை பிடிக்காமல் ஓடு கழன்று விழும். பாலிமர் கலந்த பசைதான் வேண்டும்.

நிலநடுக்கத்துக்கு: உயரமான குடங்களைத் தூண்டில் நரம்பால் கட்டுங்கள், சிறியவற்றுக்கு அடியில் ஜெல் வையுங்கள். மேல்பூச்சின் மீது தீட்டிய தங்கத்தில் ஜெல்லோ நரம்போ படவே கூடாது, உரிந்து வந்துவிடும்.