படிப்பறிவையும் உடல்நலத்தையும் சேர்த்து ஆராய்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

தருமபுரி பக்கம் ஒரு கிராமம். திண்ணையில் உட்கார்ந்து புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், "உங்களுக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறதா?" என்று கேட்டார் எங்களோடு வந்த மாணவி. "அதெல்லாம் ஒண்ணும் இல்ல கண்ணு" என்று பதில் வந்தது. மாணவி 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். எல்லாம் முடிந்து தண்ணீர் வாங்கிக் குடிக்கும்போதுதான் ஜன்னல் மேல் இருந்த மாத்திரை அட்டை கண்ணில் பட்டது. "இது என்னம்மா?" என்று கேட்டால், "அது பிரஷர் மாத்திரை, எட்டு வருஷமா சாப்பிடுறேன்" என்கிறார்.

அன்று காலையிலிருந்து நிரப்பிய பதினான்கு படிவங்களையும் எடுத்துக்கொண்டு திரும்ப வீடு வீடாகப் போனோம். கேள்வித்தாளில் தூய தமிழ் இருந்தது, ஊரில் 'பிரஷர்', 'சுகர்', 'ஸ்கேன்' இருந்தன. அந்த அம்மாவுக்குத் தன் நோயைப் பற்றி நன்றாகவே தெரியும். நமக்குத்தான் அவர் பேச்சு தெரியவில்லை. அந்தப் படிவம் அப்படியே கணினிக்குள் போயிருந்தால், 'எழுத்தறிவு இல்லாதவர்களிடம் நோய் பற்றிய விழிப்புணர்வு குறைவு' என்று ஒரு அட்டவணை அழகாக வந்திருக்கும்.

கல்வி, எழுத்தறிவு, எல்லோருக்கும் சமமான மருத்துவம் என்று தலைப்பெடுத்து ஆய்வு செய்கிற மாணவர்களோடு பல வருடங்களாக ஊர் ஊராகப் போய் வருகிறேன். புள்ளியியலில் நடக்கிற தப்பு எப்படியும் வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்ளும். ஆனால் திண்ணையில் நடக்கிற தப்பை எந்த சாஃப்ட்வேரும் கண்டுபிடிக்காது, அதனால் அதிகமாக அவற்றைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

'படித்தவரா?' என்று ஒரே கட்டம் வைப்பது

இதுதான் முதல் தப்பு, பெரிய தப்பும் இதுவே. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர், ஏதாவது ஒரு மொழியைப் புரிந்து படிக்கவும் எழுதவும் முடிந்தால் எழுத்தறிவு பெற்றவர். யாரும் படிக்கச் சொல்லிப் பார்ப்பதில்லை, வீட்டில் இருக்கிற ஒருவர் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்வதுதான் பதிவாகும். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் கணக்கே வேறு. ஒன்பதாம் வகுப்பும் அதற்கு மேலும் முடித்தவர்களை எழுத்தறிவு பெற்றவர்களாக எடுத்துக்கொள்வார்கள், மற்றவர்களிடம் ஒரு வாக்கியம் எழுதிய அட்டையைக் காட்டிப் படிக்கச் சொல்வார்கள், அதில் கொஞ்சம் படித்தாலும் கணக்கில் சேரும். கிராமப்புறக் குழந்தைகளின் படிப்பை அளக்க 2005இல் தொடங்கிய அசர் (ASER) ஆய்வில் குழந்தையின் வீட்டுக்கே போய் எழுத்து, சொல், பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று படிப்படியாகப் படிக்கவைத்துப் பார்க்கிறார்கள். இந்த மூன்றும் மூன்று வேறு பொருட்களை அளக்கின்றன. மூன்றையும் ஒரே வரைபடத்தில் வரிசையாகப் போட்டு 'எழுத்தறிவு உயர்ந்துள்ளது' என்று எழுதும் ஆய்வேடுகளைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

எட்டாம் வகுப்போடு நின்று இருபத்தைந்து வருடம் செங்கல் சூளையில் வேலை பார்த்தவருக்கு ஒரு பத்தி படிப்பதற்குள் வியர்த்துவிடும். 1991இல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்று, அந்தச் சூட்டோடு சைக்கிளும் ஓட்டக் கற்ற பெண்களில், பள்ளிக்கூட வாசலையே மிதிக்காமல் பஸ் போர்டு, ரேஷன் கார்டு எல்லாம் படிக்கிறவர்கள் உண்டு. உங்கள் படிவத்தில் 'எத்தனாவது வரை படித்தீர்கள்' மட்டும் இருந்தால் சூளைக்காரர் மேலே போவார், அந்தப் பெண் கீழே போவார்.

அதனால் இரண்டு வரி எழுதிய ஒரு அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். கூடவே படிக்கிற கண்ணாடி இரண்டு மூன்று பவர்களில் வாங்கிக்கொள்ளுங்கள், இதை நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன். நாற்பது வயதுக்கு மேல் கிட்டத்தில் இருக்கிற எழுத்து மங்கலாகத் தெரியும். "கண்ணாடி எடுத்துட்டு வரல" என்று ஒருவர் சொன்னால் அது நிஜமாகவும் இருக்கலாம், படிக்கத் தெரியாததைச் சொல்லக் கூச்சப்படுவதாகவும் இருக்கலாம். கண்ணாடியைக் கொடுத்தால் நிஜமாகக் கண் மங்கியவர் படித்துவிடுவார். கூச்சப்படுகிறவரை மேலும் துருவாமல் விட்டுவிடுங்கள்.

வெளிநாட்டு அளவுகோலை மொழிபெயர்த்துப் பயன்படுத்துவது

நோயாளியின் உடல்நல எழுத்தறிவை, அதாவது மருத்துவத் தகவலைப் படித்துப் புரிந்துகொள்ளும் திறனை அளக்க, அமெரிக்க மருத்துவமனைகளில் ரெல்ம் (REALM) என்று ஒரு சோதனை வைக்கிறார்கள். 66 மருத்துவச் சொற்களைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, சரியாக உச்சரித்ததற்கு மதிப்பெண் போடுவார்கள். ஆங்கிலத்தில் எழுத்து ஒரு மாதிரி, உச்சரிப்பு ஒரு மாதிரி என்பதால், ஒரு சொல்லைச் சரியாக உச்சரித்தால் அந்தச் சொல்லோடு அவருக்குப் பழக்கம் உண்டு என்று ஓரளவு ஊகிக்கலாம். தமிழில் இது நடக்காது. 'சிறுநீரகச் செயலிழப்பு' என்பதை நாலாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் பிசகில்லாமல் வாசித்துவிடும், அர்த்தம் ஒன்றும் தெரியாது. இதை அப்படியே தமிழாக்கி, எல்லோருக்கும் நூற்றுக்குத் தொண்ணூறு வந்ததும் 'உடல்நல எழுத்தறிவு மிக நன்று' என்று முடித்தால் அந்த ஆய்வால் யாருக்கு என்ன பயன்? இன்னொரு சோதனையில் ஐஸ்கிரீம் டப்பாவின் சத்து விவர அட்டையைக் காட்டிக் கலோரிக் கணக்குக் கேட்பார்கள். ரேஷன் அரிசியும் சில்லறையாக வாங்கும் பருப்பும் சமைக்கிற வீட்டில் அதைக் கேட்காதீர்கள்.

வாசித்துவிட்டால் புரிந்துவிட்டது என்று எண்ணுவது

2006இல் அமெரிக்காவில் மூன்று நகரங்களில் 395 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு ஒன்றை இந்தத் துறைக்கு வருகிற எல்லோரும் படித்தாக வேண்டும். 'இரண்டு மாத்திரை, ஒரு நாளைக்கு இரண்டு வேளை' என்று எழுதிய மருந்துப் புட்டி லேபிளைக் காட்டினார்கள். எழுத்தறிவு குறைந்தவர்களில் 70.7 சதவீதம் பேர் அதைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். சரி, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரையோ அதை எண்ணிக் காட்டுங்கள் என்றபோது 34.7 சதவீதம் பேர்தான் நான்கு எண்ணினார்கள்.

புளியங்கொட்டையோ சட்டைப் பொத்தானோ போதும், நம்மூரில் இதைச் செய்து பார்க்க வேறு செலவில்லை. "இதுல ஒரு நாளைக்கு உண்டானத எடுத்து வைங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் பாருங்கள்.

அப்புறம், மருந்து கொடுக்கிறவர் பக்கத்தையும் பாருங்கள். மருந்து கொடுக்கும் இடத்தில் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி ஆறு மாத்திரை தருவார்கள், பெயரும் காலாவதி தேதியும் அங்கேயே மிஞ்சுகிற துண்டோடு போய்விடும். முனைவர் பட்டம் வாங்கியவர் கையில் கொடுத்தாலும் அதில் படிக்க ஒன்றும் இருக்காது. ஆகவே நோயாளியின் எழுத்தறிவை அளக்கிற ஒவ்வொரு ஆய்விலும் மருத்துவமனையையும் அளக்க வேண்டும் என்பது என் கட்சி. எத்தனை போர்டுகள் தமிழில் இருக்கின்றன, டிஸ்சார்ஜ் சம்மரி எந்த மொழியில் இருக்கிறது, ஓ.பி. சீட்டு வாங்குவதிலிருந்து மருந்து வாங்கும் வரை எத்தனை இடத்தில் நிற்க வேண்டும், வழி கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறதா என்று ஒரு நாள் முழுக்க நின்று எழுதுங்கள். பாதிப் பேர் இந்த வேலையைத் தவிர்த்துவிட்டுக் குறையெல்லாம் நோயாளியிடம் இருப்பதாக எழுதிவிடுகிறார்கள்.

மாவட்டத்தை வைத்து மனிதரைத் தீர்மானிப்பது

கன்னியாகுமரியில் எழுத்தறிவு அதிகம், தருமபுரியில் குறைவு, அதனால் படிக்காதவர்தான் இன்ன நோய்க்கு ஆளாகிறார் என்று எழுதுவது. இந்தத் தப்பைப் புரியவைத்த பழைய உதாரணமே எழுத்தறிவு பற்றியதுதான். 1950இல் ராபின்சன் என்ற சமூகவியலாளர் 1930ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பை எடுத்துப் பார்த்தார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் குறைவாக இருந்தார்கள், இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் எண் (ஒட்டுறவுக் கெழு) கழித்தல் 0.53, அதாவது ஒன்று கூடினால் மற்றது குறைகிறது. அப்படியென்றால் வந்தேறியவர்கள் நன்றாகப் படித்தவர்களா என்று ஆள் ஆளாகக் கணக்கிட்டால் நேர்மாறாகக் கூட்டல் 0.12 வருகிறது. ஏற்கெனவே படித்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் போய் அவர்கள் குடியேறியதுதான் காரணம். மாவட்டப் புள்ளிவிவரம் மட்டும் கையில் இருந்தால் மாவட்டத்தைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

தாயின் படிப்பே எல்லாம் என்று முடித்துவிடுவது

தாயின் கல்விக்கும் குழந்தை பிழைப்பதற்கும் தொடர்பு உண்டு என்று நைஜீரியத் தரவுகளை வைத்து 1979இல் மக்கள்தொகை ஆய்வாளர் கால்ட்வெல் எழுதினார். அதற்குப் பிறகு ஆயிரம் ஆய்வேடுகள் அந்த வரியோடு தொடங்குகின்றன. ஆனால் 1998இல் சோனால்டே தேசாயும் சௌம்யா ஆல்வாவும் 22 நாடுகளின் தரவுகளைப் பார்த்தபோது, கணவரின் படிப்பு, குழாய்த் தண்ணீர், கழிப்பறை ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்ததும், குழந்தை இறப்பிலும் உயரத்திலும் தாயின் படிப்புக்கு இருந்த தொடர்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. தடுப்பூசியில் மட்டும் ஓரளவு நின்றது. பெண் படிப்பது வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. படிக்கவைக்க முடிந்த வீட்டில் தண்ணீரும் கழிப்பறையும் பெரும்பாலும் இருக்கும், அதனால் எது எந்த அளவு வேலை செய்தது என்று பிரித்துப் பார்க்காமல் எழுதக்கூடாது என்றுதான் அர்த்தம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு கேள்வியாவது உங்கள் படிவத்தில் இருக்கட்டும்.

சராசரியை நம்பிவிடுவது

குறைந்த செலவில் நல்ல ஆரோக்கியத்துக்கு உதாரணமாகக் கேரளத்தையும் இலங்கையையும் 1985 முதல் உலகமே சொல்லிக்கொண்டிருக்கிறது. இலவசக் கல்வியும் இலவச மருத்துவமும் இலங்கைக்கு அந்தப் பெயரை வாங்கித் தந்தன, அது நியாயமான பெயர்தான். ஆனால் 2016 கணக்கெடுப்பில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் நாடு முழுக்க 17 சதவீதம், மலையகத் தமிழர்கள் அதிகம் வாழும் தோட்டப் பகுதிகளில் மட்டும் எடுத்தால் ஏறத்தாழ 32. தேசியச் சராசரியை மட்டும் பார்த்தவருக்குத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வீடு தெரியவே தெரியாது. தமிழ்நாட்டில் ஆய்வு செய்கிறவர்கள் ஊரை எடுத்துக்கொண்டு காலனியை விட்டுவிடுவதும் இதே தவறுதான். எத்தனையோ குழுக்கள் பஸ் நிற்கிற இடத்தில் தொடங்கி, தார் ரோடு முடிகிற இடத்தில் திரும்பிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இதோடு சேர்ந்து வருவது, எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுத்தால் சமம் என்ற எண்ணம். யாருக்கு மருத்துவம் அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊரில் வைத்தியம் பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இலேயே எழுதினார். ஒரு முகாமுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணினால் போதாது, யார் வரவில்லை என்று அவர்கள் வீட்டுக்குப் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நேரம், சம்மதம், அப்புறம் திரும்பிப் போவது

காலை பதினொரு மணிக்கு ஊருக்குள் போனால் வேலைக்குப் போக முடியாதவர்கள்தான் இருப்பார்கள், மற்றவர்கள் நூறு நாள் வேலையிலோ களத்துமேட்டிலோ இருப்பார்கள். சாயங்காலம் ஆறுக்கு மேல் போங்கள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மருமகளிடம் பிரசவம் பற்றிக் கேட்காதீர்கள்.

சம்மதப் படிவத்தைப் படிக்கத் தெரியாதவரிடம் கைரேகை வாங்கும்போது, ஆய்வோடு சம்பந்தம் இல்லாத, படிக்கத் தெரிந்த ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் சொல்கின்றன. நம் குழுவிலிருந்தே ஒருவரைச் சாட்சியாக நிறுத்துவது வழக்கமாகிவிட்டது, அது தப்பு. மூன்று பக்கத்தையும் மூச்சுவிடாமல் வாசித்துவிட்டு "சரிதானேம்மா?" என்று கேட்பதும் சம்மதம் ஆகாது. "நான் என்ன சொன்னேன், உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேளுங்கள். "லோன் தரப் போறீங்க" என்று பதில் வந்தால் முதலிலிருந்து சொல்லுங்கள், எனக்கு இது பல தடவை நடந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. ஒரு கிராமச் செவிலியர் எங்களைப் பார்த்ததும், "போன வருஷமும் இப்படித்தான் வந்து எழுதிட்டுப் போனாங்க, என்னதான் கண்டுபிடிச்சாங்கன்னு இன்னும் தெரியல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அதிலிருந்து ஒவ்வொரு ஆய்வு முடிந்ததும் ஊர்ப் பேச்சில் ஒரே ஒரு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு திரும்பப் போகிறோம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று கிராம சபை கூடுகிற நாட்கள் முன்கூட்டியே தெரியும். தலைவரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்துவிட்டு உட்காருங்கள். உங்கள் அட்டவணையில் எது தப்பு என்று அங்கேயே யாராவது எழுந்து சொல்வார்கள், ஆய்வேட்டை பைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முன்னால் அதைக் கேட்டுவிடுங்கள்.