பீப்பாய் ஸ்டவுட்டுக்கு மார்க் போடும் முன்

தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் கூஸ் ஐலண்ட் பீர் கம்பெனியின் பர்பன் கவுண்டி ஸ்டவுட் கடைக்கு வரும். பர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த ஓக் பீப்பாயில் ஊறவைத்த, கனமான கறுப்பு பீர் அது. சிகாகோவில் எங்களுக்கு அதுதான் ஸ்டவுட் பருவத் தொடக்கம். போன முறை அதை ருசித்து மார்க் போட என் வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடினோம். புதிதாக வந்த இருவர், பல வருடங்களுக்கு முன் நான் செய்த தப்புகளையே வரிசையாகச் செய்தார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கழுவாத கிளாஸ், காரமான சாப்பாடு எல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் மார்க் போடுவது

புதிதாக வந்த இருவரில் ஒருவரின் கிளாஸ் வெளிப்பக்கம் இன்னும் வேர்த்திருந்தது. ஒரே ஒரு வாய் குடித்தார். மறுகையில் இருந்த ஃபோனில் ஐந்துக்கு மூன்று என்று தட்டிவிட்டார். எனக்கு நெஞ்சு பகீரென்றது.

காரணம் இருக்கிறது. எனக்கு முதன்முதலில் இப்படியொரு ஸ்டவுட் கிடைத்தபோது நான்கு பாட்டில் வாங்கினேன். ஒன்றைச் சில்லென்று திறந்து, நின்றபடியே குடித்து, ஐம்பதுக்கு 27 என்று நோட்டில் எழுதினேன். "கருகிய காபி, சாராய நெடி, வேறொன்றும் இல்லை." மீதி மூன்றையும் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். சில மாதம் கழித்து, அவர்களில் ஒருவர் வீட்டில் அதே பாட்டிலைத் திறந்தார்கள். பேச்சு வளர்ந்ததில் என் கிளாஸ் முக்கால் மணி நேரம் மேஜையிலேயே இருந்துவிட்டது. அப்புறம் எடுத்து முகர்ந்தால் தேங்காய், வனிலா, கருப்பட்டிப் பாகு, பேரீச்சை! என்னிடம் ஒரு பாட்டிலும் மிச்சமில்லை. அந்த வருடத்துச் சரக்கு கடையிலும் தீர்ந்திருந்தது. இன்று நினைத்தாலும் ஆறவில்லை.

குளிர்ந்த பீரிலிருந்து வாசனை எழும்பாது. நாக்குக்கும் இனிப்பு சரியாக எட்டாது. அப்போது வறுத்த மால்ட்டின் (முளைகட்டிய பார்லியின்) கசப்பு மட்டும் தனியாக முன்னே வந்து நிற்கும். பீர் நடுவர்களுக்குச் சான்றிதழ் தரும் பி.ஜே.சி.பி. அமைப்பின் தாளில் மொத்தம் 50 மார்க். வாசனைக்கு 12, சுவைக்கு 20. நாலு டிகிரியில் குடித்து மார்க் போட்டால், அந்த 32-இல் பெரும்பகுதியை முகராமலேயே, ருசிக்காமலேயே போட்டதாகிவிடும். ஒரு வருடம் ஓக் பீப்பாயில் கிடந்த பீருக்கு அரை மணி நேரம் தர மாட்டோமா?

12 முதல் 15 டிகிரிக்கு வரட்டும். கிளாஸை உள்ளங்கையில் ஏந்திக்கொள்ளுங்கள். ஊற்றியதும் ஒரு குறிப்பு, கால் மணி நேரத்தில் ஒன்று, அரை மணி நேரத்தில் ஒன்று எழுதுங்கள். மார்க் மூன்றாவது குறிப்புக்குத்தான்.

பர்பன் வாசனைக்கே முழு மார்க்

அமெரிக்கச் சட்டப்படி பர்பனை உள்ளே கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும். அதனால் ஒருமுறை பர்பன் இருந்த பீப்பாய்கள் பீர்க்காரர்களுக்குத் தாராளமாகக் கிடைக்கின்றன. மரம் குடித்த பர்பன் பீருக்குள் இறங்குவது இயல்புதானே? அதில் தனித்திறமை ஒன்றுமில்லை. அதற்கு அடியில் சாக்லேட், காபி, மால்ட்டின் கனம் தெரிகிறதா என்று பாருங்கள். தொண்டை எரிந்தால் "ஸ்ட்ராங்" என்று பாராட்ட வேண்டாம், மார்க்கைக் குறையுங்கள்.

புளிப்பைச் "சிக்கலான சுவை" என்பது

பெரும்பாலும் அது பாக்டீரியா புகுந்த பீர்.

வருடக்கணக்கில் பூட்டி வைப்பது

எல்லாப் பாட்டிலும் வயதானால் மெருகேறும் என்று நம்பாதீர்கள். காபி சேர்த்தவற்றில் காபி மணம்தான் முதலில் மங்கும். ரொம்ப நாளானால் ஈர அட்டை வாடையும் சோயா சாஸ் ருசியும் தலைகாட்டும். இரண்டு வாங்கினால் ஒன்றை உடனே குடித்துக் குறிப்பு எழுதி வையுங்கள். மற்றதைத் திறக்கும்போது ஒப்பிட அதுதான் கையில் இருக்கும்.

வரிசை

பல பீர்களை ருசிப்பதானால் இந்த ஸ்டவுட்டைக் கடைசியாக ஊற்றுங்கள். இதற்குப் பின் எந்த பீரும் தண்ணீராகத்தான் தெரியும்.

அளவு

ஆளுக்கு 100 மில்லி. 14 சதவீதம் ஆல்கஹால் அது. வண்டிச் சாவியை முதலிலேயே வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.